ஜப்பானியர் வாக்கியமும் நம் வாக்கியமும்

2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், டோக்கியோ மாநகரில் வாழும் என் தங்கையின் இல்லத்தில் இருபத்திரண்டு நாட்கள் தங்கி வரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. திரும்பி வந்ததும் நம் சங்கச் செயலாளர், பார்த்ததை எல்லாம் எழுதித் தர வேண்டும் என்று அன்புக் கட்டளை இட்டார். வானளாவிய கட்டிடங்களையும் பூங்காக்களையும் பற்றி எழுதப் பலர் உளர். நானோ நாகபுரியில் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவன். பத்தாம் வகுப்புக்கு மேல் படியாதவன். ஆகவே கண்ணால் கண்டவற்றை விட்டு, காதால் கேட்ட ஒன்றைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அது ஜப்பானியர் பேசும் வாக்கியம்.

என் தாயார் எனக்கு முன்பே இரண்டு மாதங்களாக அங்கே இருந்தார். அவரைத் துணையாக அழைத்து வருவதற்கே நான் சென்றேன். தங்கை குடியிருப்பது நகரின் கீழ்ப்புறத்தில் உள்ள நிஷி-கஸாய் என்னும் பகுதி. இந்தியக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் இடம் அது. துவரம் பருப்பும் புளியும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகள் உண்டு. எனவே சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் நான் போய்ச் சேர்ந்த அன்றிரவே, வீட்டில் வேறொரு குறை இருப்பதை உணர்ந்தேன்.

என் மருமகனுக்கு வயது ஏழு. ஜப்பானியப் பள்ளியில் முதல் வகுப்புப் படிக்கிறான். மூன்று வயது முதல் அந்நாட்டிலேயே வளர்ந்தவன். நாம் பேசும் தமிழ் அவனுக்குப் பாதி புரியும். ஆனால் வாயைத் திறந்தால் ஜப்பானிய மொழிதான் வரும். பேரனோடு பேசிக் களிக்கலாம் என்று வந்த தாயாருக்கு இது பெரும் ஏமாற்றம்.

"பேசாமல் போனாலும் போகட்டும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, 'போய் வருகிறேன் பாட்டி' என்று ஒரு நாளாவது சொன்னானா? வாசலில் நின்று எதையோ முணுமுணுத்துவிட்டு ஓடுகிறான். சொல்லிக்கொள்ளாமல் போகிற வீட்டில் எனக்கு என்ன வேலை? இனி நான் இங்கே வரப் போவதில்லை" என்றார் தாயார். தங்கை சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை நான் நிலையத்துக்குச் சென்றேன். ரயில்வேக்காரன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பார்ப்பது நிலையத்தைத்தானே! ஜப்பானில் முதல் ரயில் பாதை 1872-இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. நம் நாட்டில் பம்பாயிலிருந்து தாணாவுக்கு 1853-இலேயே ரயில் ஓடிவிட்டது என்று எண்ணிச் சிறிது பெருமிதம் கொண்டேன். ஆனால் 1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலேயே டோக்கியோவுக்கும் ஓஸாக்காவுக்கும் இடையே அதிவேக ரயிலை விட்டவர்கள் அவர்கள் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது, பெருமிதம் அடங்கிற்று. நடைமேடையில் ஒலிபெருக்கி பேசியது:

"மாமோநாகு, நிபான்ஸென் நி, தென்ஷா கா மாயிரிமாஸ்."

உடன் வந்த மாப்பிள்ளையிடம் சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டேன். மாமோநாகு என்றால் சற்று நேரத்தில். நிபான்ஸென் என்றால் இரண்டாம் எண் தடம். நி என்பது நம் 'கு' உருபு. தென்ஷா என்றால் மின்சார ரயில். கா என்பது எழுவாயைக் காட்டும் குறி. மாயிரிமாஸ் என்பது 'வருகிறது' என்பதன் பணிவான வடிவம். வரிசையாகச் சேர்த்துப் பார்த்தேன்: "சற்று நேரத்தில், இரண்டாம் தடத்துக்கு, ரயில் வருகிறது." ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை!

அதையடுத்து ஓர் எச்சரிக்கை வந்தது. "அபுநாய் தெஸ் காரா, கீரோய் ஸென் நோ உச்சிகாவா மாதே, ஓஸாகாரி குதாஸாய்." இதன் பொருள்: "அபாயம் ஆகையால், மஞ்சள் கோட்டின் உட்பக்கம் வரை, பின்னே நகர்ந்து தாருங்கள்." 'காரா' நம் 'ஆகையால்' நிற்கும் இடத்தில் நின்றது, 'மாதே' நம் 'வரை' நிற்கும் இடத்தில் நின்றது.

அன்பர்களே, பள்ளியில் ஆங்கிலம் என்னை அலைக்கழித்த கதையை நான் மறந்ததில்லை. தமிழில் நினைத்த வாக்கியத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் அது ஆங்கிலமாகும். இங்கோ கவிழ்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாற்பது வயதை நெருங்கும் எனக்கு அன்று பள்ளிப்பிள்ளையின் உற்சாகம் பிறந்தது. மாப்பிள்ளை வந்த புதிதில் படித்த தொடக்கப் பாடப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். மாலை நேரங்களில் மருமகனே ஆசிரியன். நான் கற்ற பாடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதற்பாடம் சொற்களின் வரிசை. "வதாஷி வா மிஸு ஓ நோமிமாஸ்." வதாஷி என்றால் நான், மிஸு என்றால் தண்ணீர், ஓ என்பது நம் 'ஐ' உருபு, நோமிமாஸ் என்றால் குடிக்கிறேன். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் நம் ஒழுங்கே அங்கும் ஒழுங்கு. வினைமுற்று எப்போதும் கடைசியில்தான் அமரும். இடையில் வரும் 'வா' என்பது, "இதைப் பற்றிப் பேசுகிறேன்" என்று முன்கூட்டிக் காட்டும் குறி. நம் இலக்கண நூலில் இதற்குச் சரியான இணை இல்லை. ஆனால் பேச்சிலே "நான் வந்து", "அது வந்து" என்று இழுக்கிறோமே, அந்த 'வந்து' ஓரளவு இதன் வேலையைச் செய்கிறது. யார், எது என்னும் கேள்விக்கு விடையாக வரும் எழுவாய்க்கு 'வா' வராது, 'கா' வரும். இந்த இரண்டுக்கும் உள்ள வேற்றுமைதான் புதிதாகக் கற்பவரைத் திணற வைக்கும் இடம்.

"இது புத்தகம்" என்பதை, "கோரே வா ஹோன் தெஸ்" என்பர். நாம் இரு பெயர்களை அடுத்தடுத்து வைத்தே வாக்கியத்தை முடித்துவிடுவோம். அவர்கள் மரியாதையாகப் பேசும்போது கடைசியில் 'தெஸ்' என்று ஒன்றை வைத்து முடிப்பர். அதையே கேள்வியாக்க, இறுதியில் ஒரு 'கா' சேர்த்தால் போதும். "கோரே வா ஹோன் தெஸ் கா?" என்றால், "இது புத்தகமா?" நம் 'ஆ' போலவே அதுவும் வாலில் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கேள்விக் 'கா', கண் என்பதில் வரும் வல்லோசை உடையது. எழுவாய்க் 'கா', தங்கம் என்பதில் வரும் மெல்லோசை உடையது. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தோன்றும். ஜப்பானியரோ, மெல்லோசைக்கு எழுத்தின் தோளில் இரண்டு சிறு கோடுகள் இட்டுப் பிரித்துக் காட்டுகின்றனர்.

எழுத்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மருமகனின் எழுத்து அட்டையில் முதலில் ஆ, இ, உ, எ, ஒ. பிறகு கா, ஸா, தா, நா, ஹா, மா, யா, ரா, வா என்ற வரிசை இருந்தது. நம் க, ச, ட, த, ப, ம, ய, ர, வ அருகில் வைத்துப் பாருங்கள்! பௌத்த சமயக் கல்வியோடு இந்தியாவிலிருந்து சென்ற எழுத்து முறையைக் கற்ற துறவிகள் வழியாக வந்த வரிசை இது. 'ஹா' வரிசை பழங்காலத்தில் 'பா' என்றே ஒலித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஒற்றுமை இன்னும் தெளிவாகும். ஆனால் சீன எழுத்துக்கள் வேறு கதை. பொதுப் பயன்பாட்டுக்கென அரசாங்கம் 2010-இல் வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துக்கள் உள்ளன. அப்பக்கம் நான் தலை வைக்கவில்லை.

இரண்டாம் பாடம் உருபுகள். பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு வரும் இவை நமக்குப் பழகிய உறவினர் போன்றவை. 'நோ' என்றால் 'உடைய'. 'நி' என்றால் 'கு'. இருப்பைச் சொல்லும்போது அதுவே 'இல்' ஆகும். 'தெ' என்பது கருவியையோ செயல் நிகழும் இடத்தையோ காட்டும். 'காரா' என்பது 'இருந்து'. 'மாதே' என்பது 'வரை'. 'மோ' என்பது நம் 'உம்'. "டோக்கியோ காரா ஓஸாகா மாதே தென்ஷா தெ இகிமாஸ்" என்றால், "டோக்கியோவிலிருந்து ஓஸாக்கா வரை ரயிலில் போகிறேன்". அறிவிப்பில் கண்டபடி, வாக்கியத்தின் முடிவில் 'காரா' நின்றால் 'ஆகையால்' என்னும் பொருளைத் தரும்.

உருபை விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நாள் அனுபவத்திலும் கற்றேன். தாயாரும் நானும் நகரத்திலிருந்து திரும்பி நிஷி-கஸாயில் இறங்கினோம். ரயில் போன பிறகுதான், தாயாரின் பை வண்டியிலேயே தங்கிவிட்டதை அறிந்தோம். இரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் அதில் இருந்தன. தாயாரின் முகம் வெளுத்தது. நிலைய அலுவலகத்துக்கு ஓடினேன். பதற்றத்தில், "ஹாஹா கா தென்ஷா நி இமாஸ்!" என்று கூவினேன். "என் தாய் ரயிலில் இருக்கிறார்" என்பது அதன் பொருள். அங்கிருந்த இளைஞர் துள்ளி எழுந்தார். என் பின்னால் நின்ற மூதாட்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அப்போதுதான் என் பிழை எனக்கு உறைத்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, தமிழில் ஒரு முறை மனத்துள் சொல்லிப் பார்த்து, அதே வரிசையில் அடுக்கினேன்: "ஹாஹா நோ கபான் கா தென்ஷா நி அரிமாஸ்." தாயின், பை, ரயிலில், இருக்கிறது. அவர் முகம் தெளிந்தது. எத்தனை மணி வண்டி, என்ன நிறம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள், பாதையின் கடைசி நிலையமான நிஷி-பூனாபாஷியில் பை கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பொருளைத் தேடும் மனிதனின் தவிப்பு எத்தகையது என்பதைப் பார்சல் குமாஸ்தாவாகிய நான் அன்று உணர்ந்தேன். ஊர் திரும்பிய பிறகு, ரசீதோடு வந்து நிற்பவர்களிடம் நான் சற்றுப் பொறுமையாகவே பேசுகிறேன்.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தாய்க்கு 'இமாஸ்', பைக்கு 'அரிமாஸ்'. நாம் உயர்திணை, அஃறிணை என்று பிரித்தது போல அவர்களும் இருப்பதைப் பிரித்திருக்கின்றனர். ஆனால் கோடு வேறிடத்தில் விழுகிறது. நாயும் பூனையும் நமக்கு அஃறிணை. அவர்களுக்கோ, உயிரோடு அசைவன ஆகையால், மனிதரோடு சேர்ந்து 'இமாஸ்' பெறும்.

மூன்றாம் பாடம் வினைமுற்று. இங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேற்றுமை. நாம் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி சேர்க்கிறோம். அவர்களுக்கு எல்லாருக்கும் ஒரே 'இகிமாஸ்'தான். நிகழ்காலமும் எதிர்காலமும்கூட அதுவே. போனது என்றால் 'இகிமாஷிதா'. போகமாட்டேன் என்றால் 'இகிமாஸென்'. போகவில்லை என்றால் 'இகிமாஸென் தெஷிதா'. இந்நான்கையும் மனப்பாடம் செய்தால், மரியாதையான பேச்சில் எந்த வினைக்கும் இதே வால்களை ஒட்டலாம். எனக்கு இது வரமாகப்பட்டது.

நான்காம் பாடம்தான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. நாம் ஒரு வினையை எச்சமாக்கி மற்றொரு வினையோடு கோக்கிறோம் அல்லவா? அவர்களும் 'தெ' என்று முடியும் எச்சத்தால் அவ்வாறே கோக்கின்றனர். 'தாபெதெ' என்றால் சாப்பிட்டு. 'மிமாஸ்' என்றால் பார்க்கிறேன். 'தாபெதெ மிமாஸ்' என்றால், ருசி எப்படி என்று சாப்பிட்டுப் பார்க்கிறேன்! 'காயிதெ' என்றால் எழுதி. 'ஓகிமாஸ்' என்றால் வைக்கிறேன். 'காயிதெ ஓகிமாஸ்' என்றால், பின்னால் உதவும் என்று எழுதி வைக்கிறேன். 'மோத்தெ கிமாஸ்' என்றால், கொண்டு வருகிறேன். இந்தப் 'பார்'உம் 'வை'உம் வேறு மொழிக்காரருக்குப் பல நாள் பாடம். நமக்கோ தாய்ப்பாலோடு வந்தவை.

பக்கத்தின் அடியில் இன்னோர் எடுத்துக்காட்டு இருந்தது. 'இத்தெ' என்றால் போய். 'கிமாஸ்' என்றால் வருகிறேன். 'இத்தெ கிமாஸ்.'

புத்தகத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே அமர்ந்துவிட்டேன். இந்தச் சொல்லை நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும், மஞ்சள் தொப்பி அணிந்து, தன்னினும் பெரிதாகத் தோன்றும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று மருமகன் முணுமுணுக்கும் சொல் அதுதான்! ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்பும் எவரும், "போகிறேன்" என்று சொல்வதில்லை. நம்மைப் போலவே, "போய் வருகிறேன்" என்றுதான் சொல்கின்றனர். வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்று விடை கொடுப்பர். அது, "போய் வாருங்கள்" என்பது. பிள்ளை பாட்டியைப் பார்த்துத் தினமும் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறான். விடைதான் கிடைக்கவில்லை.

தங்கைக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல் தெரியும், பொருளும் தெரியும். ஆனால் அன்றாடம் காதில் விழும் சொல்லை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? நான் தாயாரிடம் சென்று, காகிதத்தில் இரு வாக்கியங்களையும் மேலும் கீழுமாக எழுதிக் காட்டினேன். தாயார் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தினமுமா சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில், அவன் செருப்பு மாட்டும் இடத்தில் தாயார் முன்னதாகவே போய் நின்றார். அவன் 'இத்தெ கிமாஸ்' என்றான். "போய் வா, கண்ணு" என்றார் தாயார். அவன் நிமிர்ந்து பார்த்தான். பாட்டி விடை கொடுத்தது அவனுக்கும் அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே ஓடினான்.

அன்று முதல் பாடம் இரு வழிப் பாதையாயிற்று. அவன் எனக்கு ஜப்பானிய வாக்கியம் சொல்வான். நான் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் தமிழ்ச் சொல்லை வைப்பேன். 'ஓ'வுக்கு 'ஐ', 'நி'க்கு 'கு', கேள்விக் 'கா'வுக்கு 'ஆ'. வாக்கியத்தின் எலும்புக்கூடு அவனிடம் ஏற்கெனவே இருந்தது. சதையை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. விகுதியில்தான் தடுமாறினான். "பாட்டி, சாப்பிட்டேனா?" என்று கேட்பான். "நான் சாப்பிட்டேன். நீ சாப்பிட்டாயா?" என்று தாயார் திருத்துவார். எல்லாருக்கும் ஒரே வினை என்று பழகிய பிள்ளை, வேறென்ன செய்வான்? ஊருக்குக் கிளம்புவதற்குள் நாற்பது வாக்கியங்கள் போலப் பேசினான். பிழைகள் இருந்தன, ஆனால் அவை பாட்டியிடம் பேசிய பிழைகள்.

இந்த ஒற்றுமையைக் கண்டு, இரு மொழிகளும் ஒரு தாய் மக்கள் என்று நான் முடிவு கட்டவில்லை. ஓனோ ஸுஸுமு (1919–2008) என்னும் ஜப்பானிய அறிஞர், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் தொடர்பு உண்டு என்று நீண்ட காலம் ஆராய்ந்து எழுதினார். மொழிநூல் வல்லுநருள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினையை இறுதியில் வைத்து, உருபைப் பெயருக்குப் பின் ஒட்டும் வழக்கம் கொரிய மொழியிலும் துருக்கி மொழியிலும்கூட உண்டு. உறவு உண்டோ இல்லையோ, ஜப்பானிய மொழியைக் கற்கப் போகும் தமிழருக்கு வழி பாதி திறந்தே இருக்கிறது என்பது மட்டும் என் அனுபவம். நம் குடும்பங்களிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் அங்கே செல்லும் இளைஞர்கள், ஆங்கிலத்தில் நினைத்து ஜப்பானிய வாக்கியத்தை அமைக்க வேண்டாம். தமிழில் நினைத்து அதே வரிசையில் அடுக்கட்டும்.

நாகபுரியில் என் அண்டை வீட்டு மராட்டியர் விடைபெறும்போது, 'யேதோ', அதாவது "வருகிறேன்", என்றே சொல்கின்றனர். பல ஆண்டுகளாகக் கேட்டும் நான் அதைக் கவனித்ததில்லை. நம் இல்லங்களிலும் பிள்ளைகள் இந்தியிலும் மராட்டியிலும் எதையோ முணுமுணுத்துவிட்டு ஓடுகின்றனர் என்று பெரியவர்கள் வருந்துவது உண்டு. என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று கேட்டுப் பார்க்கலாம். அதற்குத் தமிழில் விடை சொல்லலாம். தமிழ் அங்கிருந்து தொடங்கக்கூடும்.

விமான நிலையத்தில் நாங்கள் உள்ளே செல்லும் நேரம் வந்தது. இம்முறை புறப்படுபவர் பாட்டி. தாயார் குனிந்து பேரனின் கன்னத்தைத் தொட்டு, "இத்தெ கிமாஸ்" என்றார். யாரிடம், எப்போது கற்றாரோ தெரியாது. அவன் சற்று யோசித்தான். உதட்டுக்குள் வாக்கியத்தை ஒரு முறை அடுக்கிப் பார்த்திருப்பான் போலும்.

"பாட்டி, போய் வாங்க" என்றான். விகுதி சரியாகவே இருந்தது.